வண்டிக் கண்ணாடியில் மலைக்கோட்டை

போன வருடம் மழைக்காலத்தில், வடமதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போகும்போது லாரி உரசி ஸ்கூட்டியோடு விழுந்தேன். கை எலும்பு கூடிவிட்டது. ஆனால் லாரி என்னை விடவில்லை. கண்ணை மூடினால் போதும், ஹாரன் அடித்துக்கொண்டு கனவில் துரத்தும். சாவியை எடுப்பேன், அப்படியே திரும்ப மாட்டிவிடுவேன். பேருந்தில் இடிபட்டுத்தான் போய்வந்தேன்.

"பேசாம வண்டிய வித்துப்புடுவோம்மா. நானே கொண்டுபோயி விடுறேன்" என்றார் கணவர். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. என் சம்பளத்தில் வாங்கிய வண்டியாயிற்றே!

கூட வேலை பார்க்கும் பெண் ஒரு யோசனை சொன்னாள். "கனவுல எதாச்சும் ஒண்ணு கோக்குமாக்கா இருக்கும்க்கா. அதக் கண்டுபிடிச்சிட்டா, இது கனவுதான்னு அங்கேயே தெரிஞ்சுபோகும். முழிச்சிருக்கையிலேயே எது எங்க இருக்குன்னு பாத்துப் பழகுங்க."

சிரித்தேன். ஆனாலும் விடவில்லை. எங்களுக்குத் திசை காட்டுவது திண்டுக்கல் மலைக்கோட்டைதான். வேலைக்குப் போகையில் எதிரே தெரியும், திரும்புகையில் முதுகுக்குப் பின்னால். தினமும் பேருந்து ஜன்னலில் எட்டி, மலை அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டுமே!

கணவர் ஏற்பாட்டில் வண்டியை விலைபேச ஆள் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அசந்துவிட்டேன். அதே சாலை. ஸ்கூட்டியில் திண்டுக்கல்லை நோக்கிப் போகிறேன். பழக்கதோஷத்தில் மலையைத் தேடினால் எதிரே வெறும் வானம். ஹாரன் சத்தம் கேட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறேன். லாரிக்குப் பின்னால் மலை நிற்கிறது! அடச்சே, இது கனவு!

அவ்வளவுதான், பயம் போன இடம் தெரியவில்லை. இறங்கி நடுரோட்டில் கையை நீட்டி, "நில்லுடா!" என்றேன். அத்தனை பெரிய லாரி ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. ஆத்திரம் தீர டயருக்கு ஒரு உதை விட்டேன்.

உதை பக்கத்தில் படுத்திருந்த கணவர் மேல் விழுந்தது.

"ஆத்தாடி! என்னம்மா ஆச்சு?"

"லாரிய நிறுத்திப்புட்டேங்க! அந்தாள வர வேணாம்னு சொல்லிருங்க."

அன்று சாயங்காலமே வண்டியை எடுத்தேன். பின்னால் ஹாரன் அடித்த நிஜ லாரிக்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டேன். ஆனால் பாதியில் வீடு திரும்பவில்லை. மலை எதிரே, அதன் இடத்திலேயே இருந்தது.

இன்றும் எதற்காவது நெஞ்சு படபடத்தால் முதலில் மலை எங்கே என்றுதான் பார்க்கிறேன். தூக்கத்திலும் என்னை நானே காப்பாற்றிக்கொண்டேன் என்கிற பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.