வெந்த பப்பாளி

எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேசும் வாய் எனக்கு மட்டும்தான் இருந்தது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, என்னை வாயாடி என்றே கூப்பிடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு வந்த ஆட்டுக்கறி ஒரே முத்தல். வில்லாபுரம் வீட்டில் எங்களோடு இருந்த சித்தி, கொல்லையில் காய்த்த பப்பாளிக்காயை அரைத்துக் கறியில் பிசறி, ஊறவைத்து, குக்கரில் வேகவிட்டார். கறி பஞ்சுபோல வெந்திருந்தது. அத்தைகூட இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த மாதக் கடைசியில் சித்திக்குக் கரு கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் சித்தி அழ ஆரம்பித்தார். "பப்பாளிய அள்ளித் தின்னு பிள்ளையக் கரைச்சுப்புட்டு, அழுகை வேறயா?" என்றார் அத்தை. சித்தியின் அழுகை அப்படியே நின்றது. அப்புறம் அவர் அழவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரை ஆனையூரில் அவருடைய அம்மா வீட்டில் விட்டுவிடுவதாகச் சொல்லிச் சித்தப்பா பையைக் கட்டி வாசலில் வைத்தார்.

என் அம்மா மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சர். பப்பாளிப் பாலில் ஒரு நொதி இருக்கிறது, கறியை இளக்குவது அதுதான், கொதித்தால் அதன் வேலை அத்தோடு முடிந்தது என்று எங்கள் வகுப்பில் நடத்தியதே அவர்தான். நாத்தனார் முன்னால் மட்டும் அந்தப் பாடம் அவர் வாயில் வரவில்லை. "பெரியவங்க விஷயம், நீ சும்மா இரு" என்றார். நான் எதற்குச் சும்மா இருக்க வேண்டும்?

சனிக்கிழமை, குழம்புக்கு வாங்கிய கறியில் இரண்டு துண்டைத் திருடினேன். ஒன்றில் பச்சைப் பப்பாளி விழுது, மற்றதில் வேகவைத்து ஆறிய விழுது. ஈ மொய்க்கும் என்று அம்மா இரண்டையும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டார். சாயங்காலம் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல விறைத்துக் கிடந்தன. அத்தை சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "குளுருல அது தூங்கும்டி" என்றார்.

மறுநாள் காலையிலேயே இரண்டு கிண்ணங்களையும் மூடி மொட்டைமாடியில் வைத்தேன். மிச்சத்தை மதுரை வெயில் பார்த்துக்கொண்டது.

சித்தி கிளம்பும் நேரத்தில் தட்டைக் கொண்டுவந்து அத்தையின் மடியில் வைத்தேன். பச்சை விழுது தடவிய கறி கரண்டி பட்டதும் பிய்ந்து வந்தது. மற்றது வெட்டிய கறியாகவே கிடந்தது.

"வெந்த பப்பாளிக்கு ஒரு துண்டுக் கறியக் கரைக்கவே தெம்பு இல்ல. அதுவா பிள்ளையக் கரைச்சுச்சு? நீங்களுந்தானே அம்புட்டுத் தின்னீங்க!"

"ஏய்!" என்றார் அப்பா.

"என்ன ஏய்? தொட்டுப் பாருங்க."

அத்தை தொடவில்லை. சித்தப்பா வந்து இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் வாசலில் இருந்த பையை எடுத்து உள்ளே கொண்டுபோனார்.

சித்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் ஒண்ணும் செய்யலையா, கண்ணு?"

"இல்ல சித்தி."

அவர் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வீடே அதிரும்படி அழுதார். அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டு ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன், இப்போது போய் எதற்கு அழுகிறார் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.