கதவில் ஒரு பஸ்ஸுக்கான இடம்

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. ஆயுத பூஜை அன்று மாலை, பேட்டையில் இருக்கும் எங்கள் மரச் செதுக்குப் பட்டறையில் அப்பா எல்லாக் கருவிகளையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கணினிப் பெட்டியை மேசையிலிருந்து இறக்கி, சாமி படத்தின் முன் ஒரு பலகையில் வைத்தார்.

2. வரைபடங்களின் நகல் இருக்கும், சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் வீட்டிலேயே இருக்க வேண்டிய ஹார்ட் டிஸ்க்கையும் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதற்கும் தாராளமாகச் சந்தனம் பூசி, கணினிப் பெட்டியின் மேல் வைத்தார்.

3. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் வரை தொடக்கூடாது. அப்படியே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

4. இரவு நல்ல மழை. தகரக் கூரையில் ஒழுகும் இடம் சாமி படத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

5. விஜயதசமி காலையில் எல்லாக் கருவிகளையும் ஒரு தடவையாவது ஓடவிட்டால்தான் அந்த வருஷ வேலை தொடங்கியதாகக் கணக்கு. அப்பா துளை போடும் இயந்திரத்தை ஓடவிட்டார், செதுக்கும் இயந்திரத்தை ஓடவிட்டார், கணினிப் பெட்டியைத் துண்டால் துடைத்துவிட்டு அதற்கும் சுவிட்சைப் போட்டார்.

6. உள்ளே ஏதோ வெடித்த சத்தம். பிறகு கருகிய வாடை.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா துண்டைக் கையில் பிடித்தபடி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் இருந்த சேமிப்பு வட்டு தீய்ந்துபோயிருந்தது. ஹார்ட் டிஸ்க்கை இன்னும் யாரும் எதிலும் செருகியிருக்கவில்லை. அது ஒன்றுதான் நல்ல செய்தி. அதன் உறையிலிருந்து சந்தனத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அந்த ஹார்ட் டிஸ்க் என் ஏற்பாடு. வாசல் கதவு, பூஜை அலமாரி எல்லாவற்றுக்கும் எங்கள் பட்டறையில் முதலில் கணினியில்தான் வரைவார்கள். வரைந்ததைப் பார்த்து இயந்திரம் மரத்தைச் செதுக்கும். வரைபடம் போனால் வேலை போனது. அதனால் நான் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்ததுமே ரெஸ்டிக் என்ற இலவச நிரலை அந்தக் கணினியில் அமைத்துக் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும் ‘வேலை’ என்ற கோப்புறையில் இருப்பதையெல்லாம் அது ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்கும். பழைய நகல்களையும் அழிக்காமல் வைத்திருக்கும். அப்பா ஹார்ட் டிஸ்க்கைப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். இரண்டு நகல், இரண்டு இடம். ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறியதில்லை. ஆயுத பூஜைக்கும் அது வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

எதற்காக எடுத்து வந்தீர்கள் என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

“வருசம் பூரா நமக்கு உழைக்குது” என்றார் அப்பா. “எல்லாத்துக்கும் சந்தனம் வச்சிட்டு அத மட்டும் வீட்டுல போட்டுட்டு வரச் சொல்லுதியா?”



பட்டறையின் வரைபடங்களெல்லாம் அக்காவின் கைவேலை. உறவில் அக்கா இல்லை. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். மரத்துக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்து, மதிய நேரங்களில் கணினியில் வரையப் பழகி, இப்போது வரைவது மட்டுமே அவர் வேலை. அன்று காலை அவர் தரையில் நின்ற தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஹார்ட் டிஸ்க்கில் எல்லாம் இருக்குமா என்று ஒரு முறை கேட்டார். பட்டறை வேலை முழுவதும் இருக்கும், அதைப் படிக்க முடிந்தால் கிடைத்துவிடும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் தண்ணீரைத் தள்ளப் போய்விட்டார்.

டீ வந்த பிறகுதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பாப்பா, என் கதவு அந்த ‘வேலை’க்குள்ள இல்ல.”

அக்கா ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். தை மாதம் பால் காய்ப்பு. வாசலுக்கு இரட்டைக் கதவு, அதைத் தானே வரைய வேண்டும் என்று பல மாதங்களாகச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வரைந்துவந்தார். இடது கதவில் வாய்க்கால், நாற்று, கொக்குகள். வலது கதவில் பொதிகை மலை, அடியில் சாலை, சாலையில் அவர் தினமும் வருகிற பஸ். அப்பாவுக்கு அது பெரிய வேடிக்கை.

“கதவுல கஜலட்சுமி போடுவாவ, மயிலு போடுவாவ. நீ பஸ்ஸு போடுத. கண்டக்டர் வந்து கதவத் தட்டப் போறாரு பாரு.”

“தட்டுனா இங்கன இடமில்லன்னு அனுப்பிருவேன் அண்ணாச்சி” என்பார் அக்கா. ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னார்: “நான் வீட்டுல இருந்ததவிட பஸ்ஸுல இருந்ததுதான் கூட, பாப்பா.”

பட்டறை வேலைக்குள் சொந்த வீட்டு வேலையைக் கலப்பது சரியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் அந்த வரைபடத்தை ‘வீடு’ என்ற தனிக் கோப்புறையில், நகலெடுக்கப்படாத இடத்தில் வைத்திருந்தார். அது எரிந்த வட்டில்தான் இருந்தது. அந்த வட்டை, கணினி பழுதுபார்க்கும் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் எதுவும் தேறாது என்று திரும்பக் கொடுத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது ஹார்ட் டிஸ்க். அரிசி மூட்டைக்குள் போட்டு வைக்கலாம் என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்று உறையைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சந்தனத்தைத் துடைத்து, என் அறையில் ஃபேனுக்குக் கீழே வைத்தேன். செருகும் வாயில் சந்தனம் கட்டியாக உறைந்து அடைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தபோது உள்ளே உலர்ந்தே இருந்தது. சந்தனம்தான் காப்பாற்றியது என்று அப்பா இன்றும் சொல்கிறார். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

நன்றாகக் காய்ந்த பிறகு, என் மடிக்கணினியில் லினக்ஸைத் திறந்து அதை இணைத்தேன். சுழலும் சத்தம் கேட்டது. நடுவில் சில இடங்களில் தயங்கியது. பழுதான வட்டில் நேரடியாக எதையும் தேடக்கூடாது, முதலில் முழுவதையும் வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட வேண்டும். அதற்கு டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல் இருக்கிறது. கெட்ட இடத்தில் அது முட்டிக்கொண்டு நிற்பதில்லை. அதைக் குறித்து வைத்துவிட்டு நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொள்கிறது. பிறகு பைய திரும்பி வந்து கெட்ட இடங்களை மறுபடி மறுபடி கேட்டுப் பார்க்கிறது. யாரோ எழுதி எல்லோருக்கும் என்று விட்டுவைத்த நிரல். அது கேட்டுக்கொண்டே இருந்த நேரமெல்லாம், முகம் தெரியாத அந்த ஆள் எங்களுக்காக உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

சில பழைய அலமாரி வரைபடங்கள் தவிர ‘வேலை’ முழுவதும் மீண்டு வந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “அவ கதவு?”

அது இருக்க வாய்ப்பில்லை என்றேன். ஆனால் போனை வைத்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. கோடை காலத்தில் ஒரு நாள் நான் பட்டறைக்குப் போயிருந்தபோது, அக்காவின் கதவு இயந்திரத்தில் சரியாக ஓடுமா என்று பார்க்க, மரம் வைக்காமல் வெறும் காற்றில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். வெட்டும் முனை மேலேயே நின்று கொக்குகளைக் காற்றில் வரைந்தது. இயந்திரம் ‘வேலை’ கோப்புறையிலிருந்து மட்டுமே எடுக்கும். அப்படியானால் அன்றைக்கு ‘வீடு’ அதற்குள் வந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அக்கா அதை எடுத்திருப்பார். இடையில் ஒரு சனிக்கிழமை வந்திருந்தால்?

எல்லாப் பழைய நகல்களிலும் ‘வீடு’ என்ற பெயரைத் தேடச் சொன்னேன். ஒரே ஒரு நகலில் இருந்தது.

மறுநாள் மடிக்கணினியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். அக்கா நின்றபடியே பார்த்தார். இடது கதவு முழுசாக இருந்தது, வாய்க்கால், நாற்று, கொக்குகள் எல்லாம். வலது கதவில் மலை இருந்தது, சாலை இருந்தது. சாலை காலியாக இருந்தது. பஸ்ஸை அதற்குப் பிறகுதான் வரைந்திருக்கிறார்.

அப்பா அன்று கேலி செய்யவில்லை. கதவை நிறுத்தி வைத்து, பஸ்ஸைத் திரும்ப வரைந்தபின் செதுக்கலாம், பால் காய்ப்பைப் பங்குனி தாண்டித் தள்ளிப்போடலாம், செலவு என் பொறுப்பு என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் சாலை இருந்த இடத்தை விரலால் அளந்து பார்த்தார்.

“தள்ள வேண்டாம் அண்ணாச்சி. இந்த இடத்த மட்டும் செதுக்காம மரமா விட்டுருங்க. பஸ்ஸு வரும்போது வரட்டும்.”

“எப்ப வரும்?”

“நம்ம ஊரு பஸ்ஸு என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு?”

அப்பா சிரித்துவிட்டார். பூஜைக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

பால் காய்ப்புக்கு நாங்களும் போயிருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் வலது கதவில் கையை வைத்து, இது என்ன வெறும் இடம் என்று கேட்டார்கள். பஸ் ஸ்டாப் என்று அப்பாவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதைய நிலவரம் இது. ஹார்ட் டிஸ்க் புதிது. இன்னொரு நகல் என் அறையில் இருக்கிறது. அடுத்த ஆயுத பூஜைக்கு அவை இரண்டுக்கும் வீட்டிலேயே சந்தனம் வைப்பதாக அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார். கூரை அடைக்கப்பட்டுவிட்டது. நகலில் சேரும் கோப்புறைகளில் ‘வீடு’ம் ஒன்று. அதற்குள் பஸ் பாதி வரைந்தபடி இருக்கிறது. சக்கரங்களும் முன்கண்ணாடியும் முடிந்துவிட்டன, ஜன்னல்கள் பாக்கி. முடிந்ததும் வலது கதவைக் கழற்றி லோடு ஆட்டோவில் பேட்டைக்குக் கொண்டுவர வேண்டும்.