அவள் எழுந்தால் எல்லோரும் உட்கார்வார்கள்

மூன்று வருடங்களுக்கு முன், காரிமங்கலம் பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அங்கே நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. மற்றவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

எங்கள் ஊரில் பிறந்து, இளவயதில் கூலி வேலைக்கு வெளிநாடு போனவர் ஒருவர். ஓட்டலில் பாத்திரம் கழுவினார், பஸ் ஓட்டினார், தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், தேர்தலில் நின்று இரண்டு முறை தோற்றார். கடைசியில் அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கே சபாநாயகர் ஆனார். அவர் எங்கள் பள்ளிக்கு வருகிறார் என்றதும் ஊரே அமர்க்களப்பட்டது. இங்கே இருந்தவரை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்களெல்லாம் ‘எங்க வூட்டுப் புள்ள’ என்று பேனர் வைத்தார்கள்.

அவர் முன்னால் மாணவர் நாடாளுமன்றம் நடத்த வேண்டும் என்று முடிவானது. பொறுப்பு என்னுடையது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுச் சபாநாயகரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயித்தது, செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்களின் மகள். இரண்டே வருடத்தில் எங்கள் பிள்ளைகளுக்குச் சமமாகத் தமிழ் பேசக் கற்றவள். சபாநாயகர் எழுந்து நின்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தி உட்கார்ந்துவிட வேண்டும் என்ற விதியைச் சொல்லிக்கொடுத்தேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் ஒத்திகை. அவள் எழுந்தால் வகுப்பே கப்சிப்.

விழாவுக்கு முந்தின நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

“ஏன் டீச்சர், சூளைக்காரப் புள்ளையவா சேர்ல உக்கார வெப்பீங்க? நம்ம ஊர்ல புள்ளைங்களே இல்லியான்னு கேக்க மாட்டாங்களா?”

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். “சரிங்க சார்” என்றேன். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் மகனை அந்த இடத்தில் வைத்துவிட்டு அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினேன். காரணம்கூடச் சொல்லவில்லை.

விழாவில் கேள்வி நேரம் தொடங்கியதும் பிள்ளைகள் நிஜமாகவே கூச்சல் போட ஆரம்பித்தார்கள். அந்தப் பையன் மேசையைத் தட்டினான், எழுந்தும் பார்த்தான். யாரும் அடங்கவில்லை. அழுதுவிடுவான் போலிருந்தது. அப்போது கடைசி பெஞ்சில் அவள் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள். வாயே திறக்கவில்லை. அத்தனை பிள்ளைகளும், அந்தப் பையன் உட்பட, பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

விருந்தினர் சிரித்துவிட்டார். “யாருங்க அந்தப் பொண்ணு?”

தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். “வெளியூருங்க. பொழைக்க வந்தவங்க. சீசன் முடிஞ்சா போயிருவாங்க.”

மைக் என் கையில்தான் இருந்தது. ‘பிள்ளைகள் தேர்ந்தெடுத்த சபாநாயகர் இவள்தான்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொல்லவில்லை. விருந்தினரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்கு நின்றார். பிழைக்கப் போன மனிதருக்குக்கூட அந்த வார்த்தை உறைக்கவில்லையே என்று ஆத்திரம் வந்தது. ஆனால் அவருக்கு உண்மை தெரியாது. எனக்குத் தெரியும்.

எல்லோரும் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“டீச்சர், அவரும் அந்த ஊருக்குப் பொழைக்கத்தான போனாரு? அவர மட்டும் எப்படி உக்கார வுட்டாங்க?”

அங்கே என்னைப் போல ஒரு கோழை அவருக்குக் குறுக்கே வரவில்லை, அவ்வளவுதான். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் தலை குனிந்துகொண்ட வெட்கம் இன்றுவரை என்னை விடவில்லை.