தங்கச்சி பண்ணிக்கிட்ட ஆபரேஷன் எனக்கு வேண்டாம்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு டபுள் பிரேக் என்று பெயர் வைத்திருந்தார்கள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், அது ஒன்று. அவள் ஏறி உட்கார்ந்தாலே வண்டி பாதி நின்றுவிடும் என்பது இன்னொன்று. பெயரை வைத்தது முதலாளி. அதனால் ஊழியர்கள் சிரித்தார்கள், அவர்களைப் பார்த்து, ஓட்டப் படிக்க வந்தவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்க மாட்டாள். யார் பல் தெரியச் சிரித்தார்களோ அவர்களை அன்றைக்கே நெரிசலான ரவுண்டானாவுக்கு ஓட்டச் சொல்லி, நடுவில் வண்டி அணைந்து நாலா பக்கமும் ஹாரன் அலறும்போது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

அப்படியும் அவளிடம்தான் கூட்டம் வந்தது. வேறு இடங்களில் கற்றுத் தோற்றவர்கள், ஒருமுறை மோதிவிட்டு ஸ்டியரிங்கைத் தொடவே நடுங்கியவர்கள் எல்லாரும் அவளைக் கேட்டு வந்தார்கள். திட்டித் திட்டியே பயத்தைப் போக்கிவிடுவாள் என்று பேர்.

அந்தப் பேர் ஒரு நாள் காலையில் உதவவில்லை. லைசென்ஸ் தேர்வு நடத்த வந்த அதிகாரி முன்சீட்டில் இருந்த அவளைக் குனிந்து பார்த்தார். சீட் பெல்ட் அவள் வயிற்றைச் சுற்றி வரவில்லை. பல மாதங்களாக அவள் அதை இழுத்து இடுப்புக்கடியில் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். பெல்ட் போடாதவர் பெல்ட் போடக் கற்றுக்கொடுப்பதா என்று கேட்டு அன்றைய தேர்வையே ரத்து செய்துவிட்டுப் போனார். முதலாளி அவளைத் தனியாகக்கூடக் கூப்பிடவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னார். "பெல்ட் மாட்டுற அளவுக்கு வா. இல்லேன்னா உள்ள உக்காந்து போன் எடு."

அவளுக்கு சர்க்கரை வியாதி இருந்தது. முழங்கால் இரண்டும் போயிருந்தன, வலி மாத்திரை இல்லாமல் படி ஏற முடியாது. சாப்பிட்டு முடித்தால் நெஞ்சு எரியும். பட்டினி கிடந்து பார்த்திருந்தாள், நடந்து பார்த்திருந்தாள், பொடி கலக்கிக் குடித்தும் பார்த்திருந்தாள். குறைந்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்திருந்தது. எனவே ஆபரேஷன் என்று முடிவு செய்தாள். எந்த ஆபரேஷன் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

இரண்டா, நாலு பட்டது என்றே சொல்லலாம். அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர், குச்சி மாதிரி ஆள், எதைத் தின்றாலும் ஒட்டாத உடம்பு. கத்தியே படாமல் வயிற்றுக்குள் பலூன் வைக்கிறார்களாம், அதை வைத்துக்கொள் என்றார். தங்கை புருஷனின் அலுவலகத்தில் ஒருவருக்கு வயிற்றைச் சுற்றிப் பட்டை போட்டார்களாம், தேவைக்கு இறுக்கலாம், தளர்த்தலாம், அதுதான் நல்லது என்று தங்கை புருஷன் சொன்னார். முதலாளி எது சீக்கிரம் ஆறுமோ அது என்றார்.

தங்கை மட்டும் சொல்லவில்லை. தேதியே வாங்கிவிட்டாள்.

தங்கை மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தாள். சின்ன வயதில் இருவரும் ஒரே வார்ப்பு. அப்பா ஒருத்தியைப் பெரிய மூட்டை என்றும் இன்னொருத்தியைச் சின்ன மூட்டை என்றும் கூப்பிடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சின்ன மூட்டை ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டது. வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் மாதிரி தைத்துவிடுவார்கள். மளமளவென்று இளைத்தாள். இளைத்த கையோடு குடும்பத்தார் இருந்த வாட்ஸப் குழுவில் இரண்டு படம் போட்டாள். ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷனுக்குப் பின். முன் படத்தில் இரண்டு பேர் நின்றார்கள், அவளும் அக்காவும், தோளில் கை போட்டபடி. பின் படத்தில் ஒருத்தி மட்டும்.

அதற்கு எத்தனை பேர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள் என்று அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். படத்தை எடு என்று அவள் கேட்கவில்லை. தங்கையோடு பேசுவதை நிறுத்தினாள். பல மாதம் கழித்து, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டியிருந்ததால்தான் மறுபடி பேச்சு வந்தது. அந்தப் பேச்சிலும் உப்பு இருந்ததே தவிர இனிப்பு இல்லை.

தங்கை கூட்டிப் போன கிளினிக்கில் சோபாக்கள் மெத்தென்று இருந்தன. டாக்டர் காகிதத்தில் வாழைப்பழம் மாதிரி ஒன்றை வரைந்து, இதுதான் உங்கள் புது வயிறு என்றார். நெஞ்செரிச்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டு, "அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதான் டாக்டர்" என்றாள்.

காரோட்டக் கற்றுக்கொடுப்பவளுக்குப் பக்கத்து ஆளின் கையும் காலும் எப்போது தயங்கும் என்று பார்த்துப் பழக்கம். தங்கை அவசரப்பட்டது அவள் கண்ணில் பட்டது. ஏன் என்று மட்டும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து, கிளினிக்குக்குப் போன் போட்டு அந்தத் தேதியை ரத்து செய்யச் சொன்னாள். யாரிடமும் சொல்லாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றாள். அங்கே ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றுதான் ஆரம்பித்தாள். இவளுக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அந்தம்மா தேன் தடவிப் பேசுகிற ரகம் இல்லை. தொண்டை வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்த்தபிறகுதான் மேற்கொண்டு பேசுவேன் என்று அனுப்பிவிட்டாள்.

குழாய் விட்டுப் பார்த்ததில், உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வாய் தளர்ந்துபோய் அமிலம் மேலே ஏறிப் புண் ஆகியிருந்தது. டாக்டரம்மா அதை ஒளிக்காமல் சொன்னாள். ஸ்லீவ் செய்தால் உள்ளே அழுத்தம் கூடும், ஏற்கெனவே எரிகிறவருக்கு இன்னும் எரிய வாய்ப்பு அதிகம். பைபாஸ் என்றால் மேல்பகுதியில் ஒரு சின்னப் பை மாதிரி வயிற்றைப் பிரித்து, குடலை மடக்கி அதோடு இணைப்பார்கள், எரிச்சலும் அடங்கும், சர்க்கரைக்கும் நல்லது. பலூன் என்றால் ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும், எடுத்தபின் பெரும்பாலானவர்கள் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறார்கள். பட்டையைப் பற்றிக் கேட்டபோது டாக்டரம்மா பேனாவை மூடினாள். "நான் போட்டதைவிடக் கழட்டினதுதான் ஜாஸ்தி."

பைபாஸுக்கும் விலை உண்டு என்றாள். பெரிய ஆபரேஷன். சத்து மாத்திரைகளை ஆயுசு முழுக்கப் போட வேண்டும். முழங்காலுக்கு இப்போது போடுகிற வலி மாத்திரையைத் தொடவே கூடாது, தொட்டால் தையலில் புண் வரும். இனிப்பு தின்றால் உடம்பு வியர்த்துப் படபடத்துக் கீழே தள்ளும்.

"என் தங்கச்சி ஸ்லீவ் பண்ணிக்கிட்டு நல்லாத்தான் இருக்கா" என்றாள் இவள், வேண்டுமென்றே.

"இருக்கலாம். நிறைய பேருக்கு அது நல்லாத்தான் வேலை செய்யுது. உங்க வயிறு அவங்க வயிறு இல்ல." பிறகு, அடுத்த ஆளைக் கூப்பிடக் கையை உயர்த்தியவள், "அவங்க நல்லா இருக்காங்கன்னு அவங்க சொன்னாங்களா, நீங்க பாத்தீங்களா?" என்றாள்.

தேதியை ரத்து செய்தது தெரிந்ததும் தங்கை நேரே டிரைவிங் ஸ்கூலுக்கு வந்துவிட்டாள். முதலாளி காது கொடுப்பதைப் பார்த்து, அக்கா அவளைக் காரில் ஏற்றிக் கடையில் விடுகிறேன் என்று கிளப்பினாள். வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் சண்டை ஆரம்பித்தது. எத்தனை பேரிடம் கெஞ்சி அந்தத் தேதி வாங்கினேன் தெரியுமா, டாக்டர் முன்னால் என் மானம் போச்சு, எப்பவும் நான் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்வதே உனக்குப் பொழுதுபோக்கு என்று தங்கை அடுக்கினாள். நீ முழுங்கினதையே நானும் முழுங்கணும்னு எந்தச் சட்டத்தில் இருக்கு என்று அக்கா கேட்டாள். பழைய படத்தையும் இழுத்தாள். அவ்வளவு நாள் அடக்கியது ஒரே மூச்சில் வந்தது.

"பொறாமை" என்றாள் தங்கை. "வேற ஒண்ணும் இல்ல."

பேச்சு வாக்கில் அவள் மடியிலிருந்து போன் நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள், கண் பிதுங்கியது, கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள். அக்கா வண்டியை ஓரம் கட்டினாள். தங்கை கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தாள். சாப்பாடு ஒன்றும் வரவில்லை. புளித்த நீர் மட்டும்தான். அதன் நெடி கார் முழுக்க ஏறியது.

தண்ணீர் எடுக்க அக்கா அவள் கைப்பையைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் நெஞ்செரிச்சல் மருந்து, ரோஸ் நிறத் திரவம், பாதிக்குமேல் காலி. அதற்கடியில் இன்னொன்று.

"எத்தனை நாளா?"

தங்கை வாய் கொப்பளித்துத் துப்பினாள். "பண்ணதிலேர்ந்து. படுத்துத் தூங்க முடியறதில்ல. நாலு தலகாணி வச்சு உக்காந்தபடிதான்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"போகப் போக சரியாயிடும்னாரு."

"அப்புறம் எதுக்கு என்னையும் அதையே பண்ணச் சொன்னே?"

தங்கை கைக்குட்டையால் உதட்டை ஒத்தி ஒத்தி எடுத்தாள், சாயம் கலையக்கூடாதாம். பிறகு ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். "உனக்கும் இப்படி ஆச்சுன்னா, இது எல்லாருக்கும் வர்றதுதான்னு ஆகிடும்ல. நான் தப்பாப் பண்ணிட்டேன்னு யாரும் சொல்ல முடியாது."

ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற கால் வலியைவிட, அந்தப் படத்தைவிட, டபுள் பிரேக் என்ற பெயரைவிட இது அக்காவுக்கு ஆழமாக இறங்கியது. குரல் உயரவில்லை. "இறங்கு" என்றாள்.

"கடை இன்னும் தூரம் இருக்கு."

"இறங்கு."

தங்கை இறங்கினாள். அக்கா கதவை எட்டி இழுத்துச் சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பினாள். கண்ணாடியில் பார்க்கவில்லை. பாவமாகவும் இல்லை. அப்புறம் யாராவது கேட்டால்கூட, பாவமாக இல்லை என்றே சொல்வாள்.

பைபாஸுக்குப் பெயர் கொடுத்தாள். புருஷன், குடலை மாற்றி வைக்கிற வேலைக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். உங்கள் கையெழுத்து யாருக்கு வேணும், வயிறு என்னுது, நானே போட்டுக்கிறேன் என்றாள். ஆபரேஷன் அன்று அவர் வரமாட்டார் என்றே நினைத்திருந்தாள். வந்தார். வந்து, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரோடு ஆஸ்பத்திரி லிஃப்ட் குலுங்குவதைப் பற்றிச் சண்டை போட்டார். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைக் கொண்டுபோகும் லிஃப்டின் கதவை மட்டும், மூடும்வரை கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

உடம்பு தேறிய நாட்கள் கொடுமையாக இருந்தன. மிடறு மிடறாகத் தண்ணீர், கரண்டி கரண்டியாகச் சூப். யாரையும் பக்கத்தில் சேர்க்கவில்லை, வருகிறவர்கள் மேல் எரிந்து விழுந்தாள். வலி மாத்திரை இல்லாத முழங்கால் அவளை அழவைத்தது. வேலைக்குத் திரும்பியபின், முதலாளி தன் பிறந்தநாள் கேக்கை நீட்டி, இனிமே உனக்கு இதெல்லாம் ஆகாதாமே என்றார். வீம்புக்கு ஒரு துண்டை வாயில் போட்டாள். சற்று நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சு அடித்துக்கொள்ள, பயிற்சிக் காரின் பின்சீட்டில் சுருண்டு கிடந்தாள். ஜன்னல் வழியாக முதலாளி எட்டிப் பார்த்து, டாக்டர் சொன்னதைக் கேட்காவிட்டால் இப்படித்தான் என்றார். எழுந்து உட்கார முடிந்ததும் அவள் செய்த முதல் காரியம், எதிர்ச்சாரியில் இருந்த போட்டி டிரைவிங் ஸ்கூலுக்கு நடந்து போய் வேலை கேட்டது. அவளிடம் பாதிப் பாடம் படித்திருந்தவர்கள் பலரும் பின்னாலேயே ரோட்டைக் கடந்தார்கள்.

இளைத்தாள். தங்கை அளவுக்கு இல்லை. சீட் பெல்ட் வயிற்றைச் சுற்றி வந்தது, சர்க்கரை மாத்திரை பாதியானது, நெஞ்செரிச்சல் நின்றது. தோல் தொங்கியது, முடி கொட்டியது, அதையும் திட்டிக்கொண்டே பொறுத்தாள்.

அடுத்த வருஷம் தங்கை புருஷன் போன் செய்தார். தங்கைக்குச் சாப்பாடே இறங்கவில்லையாம். ஸ்லீவைப் பைபாஸாக மாற்ற வேண்டும் என்று அதே அரசாங்க ஆஸ்பத்திரியில், அதே டாக்டரம்மாவிடம் சேர்த்திருக்கிறாராம். ஆபரேஷன் முடிந்துவிட்டதாம், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்றும் சொன்னார்.

அவள் போனாள். தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள், உதடு வெடித்திருந்தது. அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜெயிச்சுட்டேன்னு சொல்ல வந்தியா?"

"ஆமா" என்றாள் அக்கா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாப்பிள்ளை ஆள் இல்லைன்னாரு. அதுக்கும் வந்தேன்."

"நடுரோட்ல இறக்கி விட்டே."

"இன்னொரு தடவ அப்படிப் பேசினா இன்னொரு தடவ இறக்கி விடுவேன்."

தங்கை தண்ணீர்க் கோப்பையை எடுத்து அவசரமாகக் குடிக்கப் போனாள். அக்கா அதைப் பிடுங்கினாள், கரண்டியை எடுத்து அரைக் கரண்டி மட்டும் அளந்து நீட்டினாள். தங்கை முறைத்தாள். அக்கா கையை இறக்கவில்லை. கடைசியில் குடித்தாள், குடித்துவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடியும்வரை அடுத்தடுத்த கரண்டிகளும் அப்படித்தான் போயின.

மன்னிப்பு அன்றும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. படம் அந்தக் குழுவில் இன்னமும் இருக்கிறது. இப்போது இருவரும் போனில் பேசுகிறார்கள், எந்த இரும்புச் சத்து மாத்திரை குமட்டாது, எது மலச்சிக்கல் பண்ணும் என்பதைப் பற்றி மட்டும். அதிலும் ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி ஒத்துக்கொள்வதில்லை.