ஊற்றுத் தண்ணீர் கலங்கியபோது

"நீங்க எழுதினத நம்பலாமாங்க?"

போன மாதம், அடைமழைக்கு நடுவே போனில் ஒரு பெண் இப்படிக் கேட்டார். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அவர் கேட்டது பத்தியைப் பற்றி அல்ல. அரசாங்க நில ஆய்வு நிறுவனம் ஒன்று இலங்கையின் ஊவா மலைகளின் மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் தடித்த அறிக்கை வெளியிட்டிருந்தது. அதன் சுருக்கத்தைத் தமிழாக்கியவன் நான். பிழை இருந்தால் சொல்லட்டும் என்று கடைசியில் என் நம்பரையும் போட்டிருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை... படித்தால்தானே?

செல்வமலர் படித்திருக்கிறார். லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அம்மாமார் கொழுந்து பறிக்கும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறார். டிஸ்பென்சரி சுவரில் ஒட்டியிருந்த சுருக்கத்தை போனில் படம் எடுத்து வைத்திருந்தாராம்.

"ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கினா எடத்த விட்டுப் போகணும்னு போட்டிருக்கீங்க. மடுவத்துக்குப் பின்னால காலையிலருந்து சேறா வருது. உள்ள பதினோரு பிள்ளைங்க இருக்கு."

நான் சொற்களைப் பெயர்த்தவன். மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அறிக்கையை எழுதிய பெண் நிபுணருக்கு உடனே போன் போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. இப்போதே வெளியேறச் சொல்லுங்கள் என்றார்.

செல்வமலரிடம் சொன்னேன். மழையில் பிள்ளைகளை எங்கே இழுத்துக்கொண்டு போகிறாய், சாயந்தரம் பார்க்கலாம் என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி தடுத்திருக்கிறார். செல்வமலர் காத்திருக்கவில்லை. இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்களை வரிசையாகக் கோயில் மண்டபத்துக்கு நடத்திப்போனார். அதைப் பார்த்து, பக்கத்து லய வீடுகளில் இருந்த தொழிலாளர்களும் இறங்கினார்கள்.

மத்தியானம் மலை சரிந்தது. மடுவம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அன்று பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவர்களில் அந்தக் கங்காணியும் ஒருவராம்.

இப்போது அந்த நிறுவனம் ஒவ்வொரு தோட்டமாக வந்து, தமிழிலேயே விளக்கம் சொல்லத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் லுணுகலைக் கூட்டத்தில் முதலில் பேசியவர் செல்வமலர்.

ஓர் ஆய்வை எத்தனை ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துத்தான் அதன் செல்வாக்கை அளப்பார்களாம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று நிபுணரிடம் கேட்டேன்.

அந்தப் பிள்ளைகளின் பெயர்களை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

செல்வமலரிடம் கேட்டு, பதினொன்றையும் அனுப்பினேன் – எழுத்துப்பிழை இல்லாமல்.