பசை போன சிலோன் தபால்தலைகள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் கட்டுக்கதை என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் சத்தியபிரியாவுக்கு இது நடந்தது. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகலில்.

சத்தியபிரியாவின் தாத்தா திருமலைச்சாமி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆட்களின் கூலிக் கணக்கும் அவர் கையில்தான், ஊருக்கு அவர்கள் அனுப்பும் கடுதாசிகளும் அவர் கையில்தான். தபாலாபீஸ் மலைக்குக் கீழே இருந்தது, கொண்டுபோய்ப் போடுவதும் அவர்தான். தாயகம் திரும்பியபோது ஓர் ஆல்பம் நிறைய சிலோன் தபால்தலைகள் கொண்டுவந்தார். ஜார்ஜ் ராஜா தலை, யானை, தேயிலை கிள்ளும் பெண். ஒன்றில்கூட முத்திரை விழவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை என்பார். அதை நம்பித்தான் பேத்தியும் தபால்தலை சேர்க்க ஆரம்பித்தாள்.

போன ஆடியில் திண்டுக்கல்லில் ஒரு தபால்தலைக் கண்காட்சி. தாத்தா பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பது அவள் ஆசை. பின்பக்கத்துப் பசை அப்படியே இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் முகத்தையே ரசித்தவள் அன்றுதான் முதுகைப் புரட்டினாள்.

பசை இல்லை. அடுத்ததிலும் இல்லை. எதிலுமே இல்லை. பழுப்புக் காகிதத்தின் நார்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. உறையில் ஒட்டியதைப் பிய்த்தால்தான் அப்படி இருக்கும். ஒட்டியிருக்கிறார்கள், முத்திரை விழவில்லை. அப்படியென்றால் அந்தக் கடுதாசிகள் தபாலாபீஸ் வாசலையே பார்க்கவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள். யாரையோ கெஞ்சி எழுதி வாங்கி, காசு போட்டுத் தபால்தலை ஒட்டி, இந்த மனுஷனை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். பாவி மனுஷன், பிய்த்து ஆல்பத்தில் சொருகியிருக்கிறார். சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருந்தாலும் அது உறைக் காகிதம்தானா என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ள நினைத்தாள். தேயிலை கிள்ளும் பெண்ணைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நாரை எடுத்து, செய்தித்தாள்மேல் முகம் கீழாகக் காயவைத்தாள். மணி மூன்றே கால். ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

டீ போட்டுக்கொண்டு வந்தாள். தபால்தலை முகம் மேலாகப் புரண்டு கிடந்தது. காயும்போது சுருண்டிருக்கும் என்று நினைத்து, இடுக்கியால் எடுத்தாள்.

வரவில்லை. ஒட்டியிருந்தது.

பசை... போன பசை எப்படித் திரும்ப வரும்?

மெல்ல உரித்து, விரலால் தொட்டாள். ஈரம். வெதுவெதுப்பான ஈரம். வெற்றிலை எச்சில் வாடை அடித்தது. விரல் சிவந்திருந்தது.

கையை உதறினாள். தபால்தலை மறுபடி செய்தித்தாளில் விழுந்தது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

ச்ளப்...

யாரோ நாக்கால் எதையோ நக்கினார்கள்.

ச்ளப்...

"கணக்கப்புள்ள ஐயா..."

பெண் குரல். காதோரத்தில்.

"நம்ம கடுதாசி போட்டாச்சுங்களா?"

அவள் திரும்பவில்லை.

"போட்டாச்சுங்களா?"

கேட்டது மரியாதையாகத்தான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆச்சு ஆச்சு என்றுதான் தாத்தா சொல்லியே வந்திருப்பார். அதை நினைத்ததும் பயத்தையும் மீறி அவளுக்குக் கோபம் வந்தது.

"போடலங்க," என்றாள். "அவரு போடவே இல்ல."

சத்தம் நின்றது.

திரும்பினாள். யாரும் இல்லை. செய்தித்தாளில் ஈரத் தடம் மட்டும் இருந்தது. தபால்தலையைக் காணோம். வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

கண்காட்சிக்கு அவள் ஆல்பத்தை அனுப்பவில்லை. திருட்டுச் சரக்கு என்று சொன்னதற்கு உறவுக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பெரியண்ணன் என்பவர் ஓர் உறையோடு வந்து கதவைத் தட்டினார். கொடைக்கானல் முத்திரையைப் பார்த்துவிட்டு மலையேறி வந்திருக்கிறார். பழைய தபால்தலை என்றால் இந்த வீட்டில் கேளுங்கள் என்று தபால்காரர் அனுப்பினாராம். செல்லாத தபால்தலைக்கு அபராதம் கட்டி வாங்கிய கடுப்பு அவருக்கு. உறைமேல் அவருடைய அப்பத்தா பெயர் எழுதியிருந்தது. மூலையில் தேயிலை கிள்ளும் பெண். அவள்மேல் விழுந்திருந்த முத்திரையில் சத்தம் கேட்ட அந்த நாளின் தேதி. ஓரத்தில் வெற்றிலைச் சிவப்பு.

உறைக்குள் கடுதாசி இல்லை. சாம்பல் இருந்தது.

பிய்த்த பிறகு கடுதாசிகளைத் தாத்தா என்ன செய்தார் என்று அதுவரை அவள் யோசிக்கவே இல்லை.

சிலோனுக்குப் போன அத்தை இருளாயி ஒருத்தி உண்டு என்றார் பெரியண்ணன். போனவள் ஒரு வரி எழுதவில்லையாம்.

"எங்க அப்பத்தா சாகுற வரைக்கும் அவள வஞ்சுக்கிட்டே கெடந்துச்சுங்க. கடைசியில எனக்கு மகளே இல்லைன்னு தலை முழுகிருச்சு. இப்ப யாருங்க இத அனுப்புனது?"

சத்தியபிரியா உள்ளே போய் ஆல்பத்தை எடுத்துவந்து விரித்துக் காட்டினாள். தேயிலை கிள்ளும் பெண் இருந்த இடம் காலி. அது அவளுக்குத் தெரிந்ததுதான்.

பக்கத்தில் இன்னும் மூன்று இடங்கள் காலியாக இருந்தன. காலையில் அவள் பார்த்தபோது மூன்றிலும் தபால்தலை இருந்தது.