பூஜையில் கருகிய உளிகள்

தணிகை முருகனை நம்பி வாழும் அன்பர்களுக்கு ஒரு தச்சனின் வணக்கம். மைக் கிடைத்தால் கீழே வைக்காதவன் நான். போன ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, அந்த வாய் அடைத்துப்போனது.

திருத்தணியில் அரக்கோணம் சாலையில் உள்ள ஒரு மரப்பட்டறையில் வேலை செய்கிறேன். பட்டறை முதலாளியுடையது, உளி, டிரில், இழைப்பு மிஷின் எல்லாம் அவரவர் சொந்தம். தினமும் பையில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவேன். ஆயுத பூஜை அன்று மட்டும் முடியாது. "சாமிக்கு வெச்சத மறுநா காலை வரைக்கும் எவனும் தொடக் கூடாது" என்பது முதலாளியின் சட்டம். சந்தனம், குங்குமம் இட்டு அடுக்கினோம். அவரே விளக்கேற்றினார். அவரே பூட்டினார்.

அன்று இரவு விளக்கு சாய்ந்து மரத்தூளில் தீ பிடித்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் அணைத்ததால் பட்டறை தப்பியது. பூஜை மூலை தப்பவில்லை. மிஷின்கள் உருகிக் கிடந்தன. உளிகள் பார்வைக்கு உளிகளாகவே இருந்தன. மரத்தில் வைத்தால் முனை மடங்கியது. சூட்டில் பதம் போய்விட்டது. சாமிக்கு வைத்ததைச் சாமியே எடுத்துக்கொண்டார் என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

உடன் வேலை செய்யும் இருவரும் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்கள். "நீதான் பொஸ்தகம் படிக்கிறவன், மொதலாளிகிட்ட நீயே ஈடு கேளு."

நான் வாயெடுக்கும் முன் முதலாளி, "எம் பலகையும்தான் எரிஞ்சிது. சாமி வெளக்கு செஞ்சதுக்கு நான் போயி யாரக் கேக்கறது?" என்றார்.

"ஆங், அதுவும் சரிதாங்க" என்றேன். இதைச் சொல்லத்தான் இத்தனை படித்திருக்கிறேன்.

அதன் பிறகு உப்புத்தாள் தேய்க்கும் வேலைதான் கிடைத்தது. ஈடு கேட்டால் இந்த வேலையும் போகும். கருவியில்லாத தச்சனை வேறு பட்டறையில் சேர்க்க மாட்டார்கள். முதலாளியின் வண்டிச் சத்தம் கேட்டாலே தேய்த்த பலகையையே மறுபடி தேய்ப்பேன். இன்றைக்கு நின்றுவிடச் சொல்வாரோ? சோறு இறங்கவில்லை.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "மோட்டுவளயப் பாத்துகினு இருந்தா மிஷின் வந்துடுமா? மலைக்காவது போயிட்டு வாங்க. முருகன் ஒண்ணும் உங்கள வேலைய விட்டுத் தூக்க மாட்டாரு."

ஏறினேன். சந்நிதியில் சொல்ல நீண்ட உரை ஒன்று தயார் செய்திருந்தேன். முன்னால் போய் நின்றதும், "நவுருங்க, நவுருங்க" என்று பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். "முருகா, பயமா இருக்கு. கேக்க வாயக் குடு." அவ்வளவுதான் வந்தது. அசரீரி எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போதும் கால் நடுங்கியது.

அந்தக் காலோடு நேராகப் பட்டறைக்குப் போனேன். முதலாளி நிமிர்ந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"மொதலாளி, எங்க பொருள் எங்க வீட்ல இருந்திருந்தா எரிஞ்சிருக்காதுங்க. வைக்கச் சொன்னது நீங்க. பூட்டினதும் நீங்க. நாங்க எடுக்கணும்னாலும் சாவி உங்ககிட்டதான இருந்திச்சி?"

பட்டறையில் ரம்பச் சத்தம் நின்றது. போச்சு, என்று நினைத்தேன். அவர் கருகிய மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆங். நான்தான் பூட்டினேன்" என்றார் கடைசியில். "இத்தினி நாளா வாயில இன்னா, கொழக்கட்டயா வெச்சிகினு இருந்த? மூணு பேரும் கடைக்கு வாங்க. எது எது போச்சோ எடுத்துக்குங்க. பட்டறைக்குள்ள வர்ற பொருளுக்கு இனிமே நான் பொறுப்பு."

அழுதுவிட்டேன். உடனிருந்தவர்கள் மரத்தூள் கண்ணில் விழுந்ததாக நினைத்தது என் பாக்கியம்.

முதலாளி நல்லவர், அதனால் கொடுத்தார் என்பார் சிலர். உண்மைதான், அவர் நல்லவர். ஆனால் என்னை எனக்குத் தெரியும். அந்த வார்த்தைகள் என் கையிருப்பில் இல்லாதவை. இப்போது நியாயமானதைக் கேட்க வேண்டியிருந்தால் முருகனிடம் சொல்லிவிட்டுக் கேட்டுவிடுகிறேன். பயம் இன்னும் போகவில்லை. அவர் அதை எடுக்கவும் இல்லை. தைரியம் வந்த பிறகு வேண்டிக்கொள்ளலாம் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே போய் நில்லுங்கள். நடுங்குகிறவனையும் அவர் கேட்கிறார்.